ஜெனரேட்டர் நின்ற நேரத்தில் முபாரக் சொன்னது

முதலில் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறேன். "சாதாரண சனங்க கையில துப்பாக்கி இருக்கணும். அப்பதான் கவர்மெண்ட்டுக்கு நம்ம மேல ஒரு பயம் இருக்கும்."

சொன்னவர் அமெரிக்காவில், டெக்சஸ் பக்கம், மாடு வளர்க்கிற ஒரு வயசாளி. அவர் சொன்னதில் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அதையே பட்டாளம் ஆளுகிற பர்மாவில், யாங்கோனில், இரண்டாம் மாடியில், சன்னல் எல்லாம் திறந்து கிடக்க, பர்மியில், தொண்டை கிழிய எங்கள் முபாரக் சொன்னான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் "ஏன்க்கா எப்பப் பாத்தாலும் சன்னலைச் சாத்தச் சொல்றீங்க, வெந்து சாகவா?" என்று என்னிடம் சண்டை பிடிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. நாங்கள் செய்கிற வேலை

அமெரிக்காவில் ஒரு கம்பெனி வீடு வீடாகப் போன் போட்டு சனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கும். கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கலாமா, தூக்குத் தண்டனை வேண்டுமா, ஆணும் ஆணும் கல்யாணம் செய்தால் செல்லுமா, துப்பாக்கிச் சட்டம் கடுமையாக வேண்டுமா. ஆமாம், இல்லை என்கிற பதிலை மிஷின் எண்ணிக்கொள்ளும். "ஏன் அப்படி நினைக்கிறீங்க?" என்று கேட்டதும் மனுஷர்கள் நீட்டி முழக்குவார்கள் பாருங்கள், அந்தப் பேச்சு மட்டும் ரெக்கார்டிங்காக எங்களுக்கு வரும். காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி டைப் அடிக்க வேண்டும். அதற்கு வெர்பேட்டிம் என்று பெயர். பிறகு அந்தப் பதில் எந்த வகை என்று ஒரு கோட் நம்பர் போட வேண்டும். அபிப்பிராயமே இல்லை என்றால் 98. சொல்ல மறுத்தால் 99.

நான் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்துவிட்டு இதற்கு வந்தவள். காதால் கேட்டு டைப் அடிப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த மாதிரிப் பேச்சை நான் கேட்டதே இல்லை. ஒரே ஊரில் இரண்டு பெண்கள். ஒருத்தி, கருவைக் கலைப்பது கொலை, செய்தவளை ஜெயிலில் போடு என்கிறாள். இன்னொருத்தி, என் வயிற்றுக்குள் சட்டத்துக்கு என்ன வேலை என்கிறாள். பின்னால் வாணலியில் எதுவோ பொரிகிற சத்தம். அடுப்படியில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒருவனிடம், கவர்மெண்டைப் பற்றி! முபாரக் வந்த புதிதில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைக் கேட்டான்.

"அக்கா, இவங்க போன் நம்பரு அந்தக் கம்பெனிக்குத் தெரியுமில்ல?"

"தெரியாம எப்படிடா போன் போடுவாங்க?"

"தெரிஞ்சுமா பேசறாங்க?"

முபாரக் பபேடான் பையன், யாங்கோனிலேயே ஆபீஸுக்குப் பக்கத்துப் பேட்டை அது. வாப்பாவுக்குத் தார்ப்பாய்க் கடை. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற வயசு அவனுக்கு. அதனால் அவன் அம்மா அவனைக் கடையில் உட்கார விடாமல் என்னிடம் அனுப்பிவைத்தார். மாடியில் இருந்தால் யார் கண்ணிலும் பட மாட்டான் என்பது அவர் கணக்கு.

எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் இருந்தது. பதில் கொஞ்சம் சிக்கலாக இருந்தால் அதைப் பர்மியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளும் பர்மாப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருக்கிறோம், எல்லாருக்கும் பொது பர்மிதான். ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேட்டு இது எந்தக் கோட் என்று முடிவு செய்வோம். கரண்டு இல்லாத நேரத்தில் தெரு முழுக்க ஜெனரேட்டர் ஓடும். அந்த இரைச்சலில் மெதுவாகச் சொன்னால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. அதனால் கத்துவோம்.

2. அந்த மத்தியானம்

அன்றைக்கு விட்டு விட்டு மழை. கரண்டு இல்லை. கீழே கடைக்குக் கடை ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. முபாரக் எழுந்து நின்று மாட்டுக்காரர் பதிலைப் பர்மியில் கத்த ஆரம்பித்தான். முதல் பாதியைச் சொல்லி முடித்தான். சரியாக அந்த நேரத்தில் கரண்டு வந்தது. "மீ லா பீ!" என்று தெரு முழுக்க ஒரு கூச்சல், வெளிச்சம் வந்துவிட்டதாம். அடுத்த மூச்சில் எல்லா ஜெனரேட்டரையும் நிறுத்திவிட்டார்கள். நம் பையனுக்கோ காதில் ஹெட்போன். அந்த நிசப்தத்தில், தெருவுக்கே கேட்கிற மாதிரி, கவர்மெண்ட் நம்மைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று முழங்கி முடித்தான்.

 யாரும் யாரையும் பார்க்கவில்லை. கீழே படிக்கட்டு ஓரம் வெற்றிலைக் கடை, அங்கே பகல் முழுக்க வார்டு ஆபீஸ் ஊ தௌங், தெருவில் நடப்பதை மேலே சொல்கிற அதிகாரி, உட்கார்ந்திருப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார், விட்டுவிடுவார் என்று மனதுக்குள் மாரியம்மனைக் கும்பிட்டேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி செருப்பு இல்லை.

ஊ தௌங் வந்தார். கூடவே இரண்டு பேர். எங்கள் தெருக்காரர்கள் இல்லை. யாருடைய ஆட்கள் என்றும் தெரியவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

"சயாமா, இப்ப யாரு பேசினது?" பர்மியில்தான் கேட்டார், நான் தமிழில் எழுதுகிறேன். சயாமா என்றால் டீச்சரம்மா மாதிரி ஒரு மரியாதை.

"அது ஒரு அமெரிக்காக்காரரு சொன்னது, ஊலே." ஊலே என்றால் மாமா. 

"அமெரிக்காக்காரன் பர்மியிலயா பேசினான்?"

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். முபாரக் தானாகவே எழுந்தான். "நான்தான், ஊலே." அடையாளக் கார்டை எடு என்றார் ஊ தௌங். எடுத்து மேசையில் வைத்தான்.  வாசலில் நின்றவர்களில் ஒருவன் உள்ளே வந்து, போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பப் போய் நின்றான்.

அந்தக் கார்டு கீழே இறங்கினால் பையனும் இறங்க வேண்டும். போன பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று தெரியாத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அவன் அம்மா முகம்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது.

ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினேன். ஊ தௌங்குக்கு இங்கிலீஷ் தெரியாது. மாட்டுக்காரர் பேசப் பேச நான் வரிக்கு வரி பர்மியில் சொன்னேன், இந்த முறை மெதுவாக.

"சரி, இவனை என்ன பண்ணாங்க?" என்று கேட்டார்.

"யாரை?"

"இப்படிப் பேசினவனை."

"ஒண்ணும் பண்ணலை, ஊலே. அடுத்த கேள்வியைக் கேட்டாங்க."

வாசலில் ஒருவன் மூக்கால் சிரித்தான். "பொய் சொன்னாலும் நம்புற மாதிரி சொல்லணும், சயாமா" என்றார் ஊ தௌங். என்ன செய்வேன்? என் கையில் இருந்தது உண்மை ஒன்றுதான், அது கேட்பதற்குப் பச்சைப் பொய் மாதிரி இருந்தது. அவசர அவசரமாக இன்னொரு பதிலைத் தேடிப் போட்டேன். ஒரு பள்ளிக்கூட டீச்சர். எல்லாத் துப்பாக்கியையும் பிடுங்கி உருக்க வேண்டும், உருக்காத கவர்மெண்ட் உதவாத கவர்மெண்ட் என்று அழாத குறையாகப் பேசுகிறார்.

"இவங்களை?"

"இவங்களையும் ஒண்ணும் பண்ணலை."

ஊ தௌங் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னதான் கேக்கறாங்க? அப்படியே சொல்லு பாப்போம்."

கேள்வியைப் பர்மியில் அவருக்குச் சொன்னேன். துப்பாக்கிச் சட்டம் இன்னும் கடுமையாகணுமா, தளரணுமா, இப்படியே இருக்கட்டுமா? ஏன் அப்படி நினைக்கிறீங்க? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கேள்வி கேட்டவர்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் விதி. பயத்திலும் அந்தப் புத்தி போகவில்லை.

பதில் சொல்லப் போகிறவர்கள் பேசுவதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுப்பார்கள். அந்த மூச்சை நான் தினமும் காதால் கேட்கிறவள். ஊ தௌங் அந்த மூச்சை எடுத்தார். வாயும் திறந்தது. அப்போது அவர் கண் வாசல் பக்கம் போனது. இரண்டு பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார். துப்ப வேண்டிய வெற்றிலைச் சாற்றை அப்படியே விழுங்கினார்.

பிறகு கார்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இது பபேடான் ஆளு. என் வார்டே இல்லை. எனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?" வாசலுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டு, கார்டை முபாரக் பக்கம் தள்ளினார். படி இறங்கும்போது என்னிடம், "சன்னலைச் சாத்தி வெச்சுக்க, சயாமா. தூசி வருது" என்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

3. அதற்குப் பிறகு

அந்தப் படத்தை எதற்கு எடுத்தான், யாருக்கு அனுப்பினான் என்று இன்றுவரை தெரியாது. முபாரக் வேலைக்கு வருகிறான். வெவ்வேறு சந்து வழியாக வருகிறான். படியில் யார் ஏறினாலும் ஹெட்போனைக் கழற்றிவிடுவான். நானும்தான்.

கொஞ்ச நாளில் அமெரிக்காவிலிருந்து எங்கள் வேலையைச் சரிபார்க்கிற அம்மா கூப்பிட்டார். உங்கள் ஆபீஸில் மட்டும் 99 ஏன் இத்தனை ஏறியிருக்கிறது என்று கேட்டார். எடுத்துப் பார்த்தால், ஒருவர் கொஞ்சம் தயங்கினால்கூட நாங்கள் சொல்ல மறுத்தார் என்று போட்டிருக்கிறோம். அபிப்பிராயம் இல்லாதவருக்கும் 99, அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில் போனை வைத்தவருக்கும் 99. நான் விடவில்லை. ஒரு பெண்ணின் ரெக்கார்டிங்கைப் போட்டேன். கருக்கலைப்புக் கேள்வி வந்ததும் பக்கத்தில் ஒரு ஆண் இருமுகிறான், உடனே அவள் அபிப்பிராயம் இல்லை என்று சட்டென்று முடிக்கிறாள். அவனுக்குப் பயந்துதான் சொல்ல மறுக்கிறாள், இது 99 என்றேன்.

"எனக்கு இருமல் மட்டும்தான் கேக்குது" என்றார் அந்த அம்மா. நம்பரை 98 ஆக்கினேன். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

புதுப் பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். சன்னலைச் சாத்துங்கள். ஜெனரேட்டர் சத்தத்தைச் சுவர் என்று நம்பாதீர்கள். உங்கள் பயத்தை எடுத்து அடுத்தவர் வாயில் வைக்காதீர்கள். கடைசியில் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம், எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

போன வாரம் மறுபடி ஒரு துப்பாக்கிக் கேள்வி வந்தது. முபாரக் சத்தம் காட்டாமல் டைப் அடித்து முடித்தான். இத்தனை நாளில் அவனை நாங்கள் யாருமே கேட்டதில்லையே என்று தோன்றியது. தமிழில்தான், காதோடுதான் கேட்டேன்.

"ஏண்டா தம்பி, நீ என்ன நினைக்கிற இதைப் பத்தி?"

அந்த மூச்சை எடுத்தான். எழுந்து போய்ச் சன்னலை இழுத்துப் பார்த்தான். அது காலையிலிருந்தே சாத்தித்தான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"தொண்ணூத்தொம்போது போட்டுக்குங்கக்கா" என்றான்.