விண்கலத்தில் ஏகாதசி

விண்வெளி உடையின் முதுகுப் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள் ஞானம்மா. உடைக்குள் இருந்தவர் ஜனார்தனன். திருவள்ளூர்க்காரர், எழுபத்திரண்டு வயது, சர்க்கரை நோயாளி. தொலைக்காட்சிப் படத்தில் விண்கலத் தலைவர் வேடம். கலம் பழுதாகி, காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது கதை. கும்மிடிப்பூண்டியில் மூடிக் கிடந்த தொழிற்சாலைக் கொட்டகையில் பழைய தண்ணீர்த் தொட்டியும் தெர்மாகோலும் சேர்ந்து விண்கலமாகியிருந்தன. பக்கத்து இரும்பு ஆலையின் இரைச்சலை ராக்கெட் சத்தமென்று இலவசமாகப் பதிவு செய்துகொண்டார்கள்.

ஞானம்மா களை பறித்தவள், பாட்டில் கம்பெனியில் மூடி போட்டவள், நாற்பது வயதுக்கு மேல் பொன்னேரியில் ஆறு மாதம் நோயாளிப் பராமரிப்பு படித்தவள். இதுவரை பதினோரு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாயிற்று. நான்கு பேர் எழுந்து நடந்தார்கள். மற்றவர்களை நான்கு பேர் தூக்கிப்போனார்கள். ஜனார்தனன் பன்னிரண்டாவது. அன்று காலை படக் கம்பெனி கார் அவரை முன்னதாகவே அழைத்து வந்துவிட்டதால், அவள் நேராகக் கொட்டகைக்கு வந்திருந்தாள்.

படப்பிடிப்பு தொடங்கியது. தலைவர் தள்ளாடினார். நாக்குக் குழறியது. "பூமி, கேட்கிறதா?" என்று சொல்ல வேண்டியவர், "கோயில் நடை சாத்தியாச்சா?" என்றார். இயக்குநர் பார்த்திபன் கண் கலங்கினார். ஞானம்மா மட்டும் கண்ணாடிக் கவசத்துக்குள் கொட்டிய வியர்வையைப் பார்த்தாள். நேராக விண்கலத்துக்குள் நடந்தாள்.

"எம்மா, ஷாட்ல வராதீங்க. இன்னா நடிப்பு பாருங்க."

"நடிப்பு இல்ல சார். சர்க்கரை எறங்கிக்கினு கீது."

கவசத்தைக் கழற்றி விரலைக் குத்தினாள். கருவியில் சர்க்கரை நாற்பத்தெட்டு; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

"இன்சுலின் ஊசி போட்டீங்களா சாமி?"

"விடியக்காலமே போட்டுண்டேன்."

"நாஷ்டா?"

"இன்னிக்கு ஏகாதசியாச்சே. உபவாசம்."

"பட்டினி கெடக்கிறவரு ஊசிய மட்டும் ஏன் போட்டுக்கினீங்க?"

"மருந்து ஆகாரத்துல சேராதோன்னோ."

சர்க்கரைத் தண்ணீரை நீட்டினாள். உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"விரதம் கெட்டுடும்."

"பதினஞ்சு நாள்ல இன்னோர் ஏகாதசி வரும். அதுக்கு நீங்க இருக்கணுமில்ல. தொறங்க வாய."

"அரிசி சேர்க்கலையே?"

"கரும்பு, சாமி."

வாய் திறந்தது. கால் மணி நேரத்தில் வசனத்தாளைக் கேட்டார்.

"அதே மாதிரி இன்னொரு டேக் போலாமா?" என்றார் பார்த்திபன்.

"அதே மாதிரி வேணும்னா நீங்க ஊசி போட்டுக்குங்க சார்" என்று சொல்லி, உடையின் பட்டைகளைப் பிரித்து ஜனார்தனனை வீட்டுக்கு அழைத்துப்போனாள்.

மறுநாள் துவாதசி. பொழுது புலருமுன்பே திருவள்ளூர் வீட்டுக்குப் போன ஞானம்மா, குளிர்பெட்டியிலிருந்த ஊசி மருந்தை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். சோறும் அகத்திக்கீரையும் இலைக்கு வந்த பிறகு, விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, தானே ஊசி போட்டாள்.