கல்யாண வீட்டு மாவிலை

சேலத்தில் எங்கள் அஸ்தம்பட்டி வீட்டின் மாடியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு மகள். பத்தாம் வகுப்பு. மனதுக்குள் படிக்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. தெருவே சேர்ந்து பரீட்சை எழுதப் போவதுபோல உரக்கப் படிப்பாள். போன வாரம் ஒருநாள் காலை நான் அடுப்படியில் நின்றிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது. “பாலிலா இனப்பெருக்கத்தில் உருவாகும் சேய், தாயை அப்படியே ஒத்திருக்கும். பாலினப்பெருக்கத்தில் உருவாகும் சேய்களில் வேறுபாடுகள் காணப்படும்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. “பரீட்சைப் பாடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?” என்று கேட்டபடி எட்டிப் பார்த்த கணவரிடம், “எங்க பெரியப்பா ஞாபகம் வந்துருச்சு” என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார். இருபது வருடப் பழக்கம்.

உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களாவது முழுதாகக் கேளுங்கள்.

நான் படித்த காலத்தில் அந்தப் பாடம் வந்ததும் எங்கள் அறிவியல் ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “இத ஊட்ல படிச்சுக்குங்க” என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டார். பையன்கள் டெஸ்க்குக்கு அடியில் குனிந்து சிரித்தார்கள். அவர் அவ்வளவு கூச்சப்பட்டிருக்கவே வேண்டாம். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் காட்டில், அதாவது விவசாய நிலத்தில், அந்தப் பாடம் நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது. ஆட்டுக்குக் கிடாய் சேர்ப்பதை ஒளித்து வைத்துச் செய்ய முடியுமா? மரவள்ளிக் குச்சியைக் கணுவுக்குக் கணு வெட்டி ஊன்றினால் கிழங்கு வைத்தது. அம்மா முருங்கைக் கிளையை ஒடித்து மண்ணில் செருகிச் சாணி உருண்டையை அதன் தலையில் அப்புவார். தொப்பி போட்ட ஆள் மாதிரி நின்று அது துளிர்க்கும். ஒன்றுக்கு ஜோடி வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம். அவ்வளவுதான் விஷயம்.

அதிலும் நான் ஒருமுறை தோற்றேன். பக்கத்துக் கோழிப்பண்ணையில் வாங்கிவந்த வெள்ளை முட்டைகளில் ஒன்றை எடுத்து, அடைகாத்துக்கொண்டிருந்த நாட்டுக்கோழிக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் வைத்தேன். வெள்ளைக் குஞ்சு வரும், அதற்கு ரிப்பன் கட்டி வளர்க்கலாம் என்று திட்டம். மற்ற முட்டைகளெல்லாம் பொரித்தன. இது மட்டும் ஊதிப்போய் ஒருநாள் வெடித்தது. அந்த நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது. வாசலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, அப்பாவின் அண்ணன், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சேவலே சேராத முட்டைல குஞ்சு எப்படிப் புள்ள வரும்? வெதை வேணுமல்லொ! பொட்டைங்கறது வெறுங்காடு. வெதை ஆம்பளையது. வெதைதான் வம்சம்.”

என்னிடம்தான் சொன்னார். ஆனால் பார்த்தது என் அம்மாவை. அம்மாவுக்கு நான் ஒரே பெண். பெரியப்பாவுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். அப்பா எப்போதும்போல அண்ணன் சொன்னதற்குப் பல்லைக் காட்டினார். அம்மா அழுகிய முட்டையை மண் அள்ளிப் போட்டு மூடினார். மூடிய வேகத்தைப் பார்த்திருந்தால் பெரியப்பா அப்போதே உஷாராகியிருப்பார்.

எங்கள் கிணற்றடியில் ஒரு மாமரம் நின்றது. அம்மா மசக்கையில் எங்கோ வாங்கித் தின்ற பழத்தின் கொட்டையை வாய்க்காலில் எறிந்ததில் முளைத்தது. ஏறக்குறைய என் வயது. சேலத்துச் சந்தையில் எத்தனையோ பெயர் சொல்லி விற்கிற எந்த ஜாதியிலும் அது சேராது. பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். அறுத்தால் உள்ளே செங்காவி. நாரே கிடையாது. இஞ்சியைக் கிள்ளிப் போட்ட மாதிரி ஒரு வாசனை. அந்த மாதிரிப் பழம் அந்த ஒரு மரத்தில் மட்டும்தான் இருந்தது.

நான் பிளஸ் டூ முடித்த கோடையில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த அன்று உறவுக்காரர்களை உட்காரவைத்துக்கொண்டு பெரியப்பா பேசினார். காடு இன்னும் பாகம் பிரியாமல் தாத்தா பெயரிலேயே இருந்தது.

“தம்பி வம்சம் அவனோட நின்னு போச்சு. பொட்டப்புள்ள நாளைக்கு எவனூட்டுக்கோ போயிரும். காடு வெதை இருக்கற பக்கந்தான் இருக்கோணும்.” பிறகு அம்மா பக்கம் திரும்பி, பெரிய மனதோடு சொன்னார்: “மாங்கா சீசனுக்கு வேணும்னா வந்து நாலு பழம் பொறுக்கிட்டுப் போம்மா.”

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். அம்மாவின் அண்ணன்கள் அந்தச் சொல்லைக் கேட்டதுமே கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். நாங்கள் சேலம் அம்மாபேட்டைக்கு வந்தோம். அம்மா ஒரு தறி வீட்டில் நூல் சுற்றினார். நான் காலேஜில் தாவரவியல் படித்தேன். முடித்ததும் ஏற்காடு அடிவாரத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். பொறுக்கிக்கொள்ளச் சொன்ன அந்த நாலு பழத்துக்கு நாங்கள் ஒருநாளும் போகவில்லை. அம்மா அதன்பிறகு மாம்பழத்தையே தொடவில்லை. கடை வாசலில் மணம் வந்தால் முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பார்.

அந்த மரத்தை வைத்துப் பெரியப்பா பெரிய மனிதராகிவிட்டார். ஆபீசர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் வைக்கோல் வைத்து அடுக்கிய கூடைகள் போயின. “இந்தப் பழம் எம்பட காட்டத் தவிர இந்த ஜில்லாவுலயே கெடையாது” என்பது அவர் பாட்டு. கிணற்றைச் சுற்றி முள்வேலி. காலனியிலிருந்து களையெடுக்க வருகிற ராசாத்தியின் பிள்ளைகள் வேலிக்கு வெளியே விழுந்த பழத்தை எடுத்ததற்காக, கையில் கிடைத்த சாட்டையோடு காலனி முனைவரை துரத்தியிருக்கிறார். ராசாத்தி எங்கள் காட்டிலும் வேலை செய்தவர். சேலத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எங்களைத் தேடிவந்து சொல்லி அழுதார். அம்மா அழவில்லை. “இரு” என்றார். அவ்வளவுதான்.

நான் பண்ணையில் சேர்ந்த வருடம் ஆடிப்பெருக்கன்று பெரியம்மா தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். நல்ல மனுஷிதான், வாய்தான் நிற்காது. காபி குடித்துக்கொண்டே பெருமையாகச் சொன்னார்.

“உன்ற பெரியப்பா உங்க பங்குக் காடு பூரா அந்த மரத்துக் கொட்டையத்தான் போட்டு மொளைக்க வெச்சிருக்காரு கண்ணு. இன்னும் கொஞ்ச வருசத்துல தோப்பே அந்தப் பழந்தான். ‘நம்ம வெதை நம்ம மாதிரிதானே வரும்’ங்கறாரு.”

நான் படித்த பெண் அல்லவா? வாயைத் திறந்துவிட்டேன். “அப்படி வராதுங்க பெரிய...” முடிப்பதற்குள் அம்மாவின் குதிகால் என் கால் கட்டைவிரலை நசுக்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா சிரித்த முகத்தோடு, “நல்ல வெதைதானுங்கக்கா. மாமன் போட்டா வராம போகுமா?” என்றார்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். மாம்பூவுக்கு ஈயும் தேனீயும் எந்த மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று யாருக்கும் தெரியாது. தாய் இந்த மரம்; தகப்பன் வேலிக்கு அந்தப் பக்கத்துப் புளிச்ச நாட்டு மாமரமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கொட்டையும் புதுப் பிள்ளை, தன் இஷ்டத்துக்குத்தான் வரும். அதே பழம் வேண்டுமென்றால் அதே மரத்தின் குச்சியை எடுத்து ஒட்டுக் கட்ட வேண்டும். பெரியம்மா போனபிறகு இதை அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“குச்சி எம்புட்டு நீளம் வேணும்?”

ஆவணியில் கல்யாணம். தாலியில்லாதவள் முகூர்த்த நேரத்தில் மணவறைப் பக்கம் நிற்கக் கூடாது என்று யாரோ அம்மாவைப் பந்தலுக்குப் பின்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அங்கேதான், அன்று காலையில் கிணற்றடி மரத்திலிருந்து வெட்டி டிராக்டரில் கொண்டுவந்த மாங்கிளைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. தோரணத்துக்கு வேண்டியதை எடுத்தது போக மிச்சம். இஞ்சி வாசனை. நாதஸ்வரம் முழங்க, நாங்கள் இருவரும் கிளை நுனிகளைத் தேர்ந்தெடுத்தோம். மொட்டு பருத்த, விரல் தடிமனுக்குக் கொஞ்சம் மெலிந்த குச்சிகள். காம்பை மட்டும் விட்டு இலையைக் கிள்ளி, நனைத்த துண்டில் சுற்றி, மேலே வாழை மட்டை வைத்துக் கட்டினேன்.

நிழல் விழுந்தது. பெரியப்பா, பட்டு வேட்டியில்.

“என்னம்மா கட்டற?”

அம்மா எழுந்து தலையைக் குனிந்துகொண்டார். “ஊட்டு வாசல்ல கட்டறக்குங்க மாமா. கல்யாண ஊட்டு எலை விசேஷமுங்களே.”

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். “எலைதானே! எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்க.”

எடுத்துக்கொண்டோம்.

முதலாளியம்மாவிடம் கேட்டுப் பண்ணையிலேயே ஒட்டுக் கட்டினேன். மாங்கொட்டையில் முளைத்த நாற்றின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, ஆப்பு மாதிரிச் சீவிய குச்சியைச் செருகி, பாலிதீன் நாடாவால் சுற்றி, மேலே குச்சி ஐஸ் விற்கிற நீள உறையை மாட்டிவிட வேண்டும். தினமும் செய்கிற வேலைதான். அன்று கோபத்தில் நாடாவை இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது, முக்கால்வாசி கறுத்துச் செத்தன. அம்மா வந்து பார்த்துவிட்டு, “காலேஜு படிச்ச லட்சணமா இது?” என்றார். பிழைத்த ஒரு கைப்பிடிதான் எங்கள் படை. அவற்றை வளர்த்து, அவற்றின் குச்சியிலிருந்து மறுபடி, மறுபடி கட்டினேன். ஒவ்வொன்றும் கிணற்றடி மரமேதான். இலையைக் கசக்கினால் அதே இஞ்சி.

விற்கலாம் என்றேன். அம்மா ஒரே பேச்சாக மறுத்துவிட்டார்.

“அந்த மனுசனுக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கறதுலதானே கொழுப்பு? ஊருக்கெல்லாம் சும்மா குடுப்போம்.”

முதல் செடி ராசாத்திக்கு. பிறகு காலனியில் வீட்டுக்கு ஒன்று. பிறகு ஊர். கெடாவெட்டு, காதுகுத்து, எழவு என்று எதற்குப் போனாலும் அம்மாவின் ஒயர் கூடையில் செடி இருந்தது. பஸ் கண்டக்டர் ஒருவர் வழியில் தொந்தரவாக இருக்கிறது என்று சத்தம் போட்டார். அவர் வீட்டுக்கும் ஒன்று போயிற்று.

ஒட்டுச்செடி சீக்கிரம் காய்க்கும். ஒரு வைகாசியில் புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் ராசாத்தி கூடை நிறையப் பச்சைத் தோல் பழம் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பெரியப்பா பார்த்திருக்கிறார். மறுநாள் அம்மாபேட்டையில் எங்கள் வாசலில் நின்றார். பக்கத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திப் பேச வேண்டியிருந்தது.

“எம்பட மரத்தத் திருடி ஊரெல்லாம் வெச்சுட்டியா?”

அம்மா சுற்றிய நூலைக் கீழே வைக்கவில்லை. “மரம் உங்க காட்டுலதானுங்க நிக்குது. போய்ப் பாருங்க.”

“அது எம்பட வெதை!”

“வெதையெல்லாம் நீங்கதானுங்க வெச்சிருக்கீங்க. நான் எலைதான் எடுத்தேன். எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கன்னு சொன்னீங்க.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்போதைய அவர் முகத்தை இன்றைக்கும் தூக்கம் வராதபோது நினைத்துக்கொள்வேன்; நன்றாகத் தூக்கம் வரும்.

அதற்கப்புறம்தான் அவருடைய விதைத் தோப்பு காய்த்தது. ஒரு மரம் போல இன்னொன்று இல்லை. ஒன்று வெறும் நார். ஒன்று வினிகர். ஒன்றில் மண்ணெண்ணெய் வாடை. சேலத்திலிருந்து ஆசையோடு வந்த மண்டிக்காரர் ஒரு கீற்றை வாயில் வைத்து, அவர் எதிரிலேயே துப்பினாராம். பெரியம்மாதான் போனில் சொன்னார். அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லி இரண்டாம் தடவையும் சொல்லவைத்துக் கேட்டார். பிறகு முந்தானையில் காசை முடிந்துகொண்டு கடைவீதிக்குப் போய், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, ஒரு மாம்பழம் வாங்கிவந்து தின்றார்.

இப்போது அந்தக் காட்டில் எதுவும் இல்லை. தோப்பைப் பெரியப்பாவே வெட்டிப்போட்டார். அவர் காலமானபிறகு மகன்கள் கிணற்றை மூடி, கிணற்றடி மரத்தைச் சாய்த்து, வீட்டு மனைகளாகச் சைட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். வரப்பு எங்கே இருந்தது, எங்கள் பங்கு எது, அவர் பங்கு எது என்று காட்ட ஓர் அடையாளமும் இல்லை. பெரியம்மா மகன்களோடு கோயம்புத்தூர் போய்விட்டார்.

போன சித்திரையில் ராசாத்தி வீட்டுச் சீர் விசேஷத்துக்கு அம்மாவைக் காரில் கூட்டிப் போனேன். காலனியில் வாசலுக்கு வாசல் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. சின்னப் பெண் ஒருத்தி பழம் அறுத்துத் தட்டில் கொண்டுவந்தாள். அம்மா குஷியாகிவிட்டார்.

“இது யாரு மரந்தெரியுமா சாமி?”

“எங்கூட்டு மரமுங்க.”

“அதில்ல. மொதல்ல யாருது?”

அவள் விழித்தாள். பக்கத்தில் நின்ற அவள் அம்மாவும் விழித்தாள். என் அம்மா பெரியப்பா பெயரைச் சொன்னார், தோட்டத்தின் பெயரைச் சொன்னார், முள்வேலியைச் சொன்னார், சாட்டையைச் சொன்னார். இளையவர்கள் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. ராசாத்திக்கோ வயதாகிக் காது கேட்கவில்லை.

திரும்பி வரும்போது மல்லூர் தாண்டும்வரை அம்மா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே வந்தார். பாவம், அந்த மனிதரை நினைத்து மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன்.

“அதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு பாரு,” என்றார் அம்மா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. “இன்னும் பத்து வருசம் கெடந்து இதயெல்லாம் பாத்திருக்கோணும்.”