மறுபடி மறுபடி பூக்கேட்டேன்

சோற்றைக் கண்டால் பயம். இப்படியும் ஒரு பயம் உண்டா என்று சிரிக்காதீர்கள். எனக்கு வந்தது.

நான் நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபார அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு கொஞ்சம் பூசுனாப்புல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாரமே வெள்ளிக்கிழமை விரதம் ஆரம்பித்தேன். பிறகு சனிக்கிழமை, சஷ்டி, ஏகாதசி. "என்ன பக்தி பாருங்க" என்று தெருவே மெச்சியது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்த பின்பும் கண்ணாடியில் குண்டாகவே தெரிந்தேன். ஆவணியில் ஒருநாள் அலுவலகத்தில் மயங்கி விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் என்னை மனநல ஆலோசகரான ஒரு பெண்மணியிடம் அனுப்பினார்கள். உடம்பை நினைத்து வெட்கப்படுகிறீர்களா, பிறர் முன்னால் சாப்பிடக் கூசுகிறதா, எப்போதாவதா, அடிக்கடியா, எப்போதுமா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பெண் போட்டார். நான் பாதிக்கு மேல் "எப்போதும்" என்றேன். மதிப்பெண் ஏகத்துக்கும் ஏறிவிட்டது; ஏற ஏறக் கோளாறு அதிகம் என்று அர்த்தமாம். எனக்குக் கோபம் வந்தது.

"நான் சாமிக்குத்தானுங்க விரதம் இருக்கறேன்!"

"சரிங்க கண்ணு. விரதம் முடிச்சுச் சாப்பிட உக்காரும்போது நிம்மதியா இருக்குதுங்களா, பயமா இருக்குதுங்களா?"

பயம்தான். அப்படியானால் இத்தனை நாள் யாருக்காகப் பட்டினி கிடந்தேன்? சாமிக்கா, கண்ணாடிக்கா? எனக்கே தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மாவோடு எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். "தாயே, எனக்கு ஒண்ணும் புரியல, நீயே சொல்லு" என்று அழுது பூக்கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் விரதத்தை நிறுத்த வேண்டும், சிவப்பு வந்தால் தொடரலாம். பூசாரி குலுக்கிப் போட, அம்மா ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. எனக்கு மனசு ஒப்பவில்லை. "இன்னொருக்கா கேளுங்க" என்றேன். மறுபடியும் வெள்ளை. "ஒரே ஒருக்காங்க" என்றேன். அதுவும் வெள்ளை. திரும்பவும் வாயைத் திறந்தேன்.

"ஏஞ்சாமி, செவப்பு வர்ற வரைக்கும் கேப்பியா? அப்புறம் ஆத்தாகிட்ட எதுக்குக் கேக்கறே?" என்றார் பூசாரி.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடச் சொன்னது அம்மன், மாட்டேன் என்று அடம்பிடித்தது என் பயம். இரண்டும் ஒரே குரல் என்றல்லவா நினைத்திருந்தேன்! பூசாரி கொடுத்த பொங்கலை அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

ஆலோசனைக்கு இன்னும் போகிறேன். மதிப்பெண் இறங்குகிறது, சில வாரம் ஏறிவிடுகிறது. கண்ணாடி இன்றும் என்னைக் குழப்புகிறது. ஆனால் போன வெள்ளிக்கிழமை மத்தியானம், "பசிக்குதும்மா" என்று நானாகவே கேட்டேன். "வா சாமி, இப்பத்தான் வடிச்சேன்" என்று சொல்லும்போதே அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

விரதம் முடிந்த பிறகும் இலைமுன் உட்காரப் பயப்படுகிறவர்கள் உங்களில் இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆத்தாவிடமும் கேளுங்கள், நிச்சயம் சொல்லுவாள். முதல் தடவை சொல்லும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.