லுசேர்ண் ஏரியில் பேசாலை

லுசேர்ணில் கப்பல் நேரத்துக்கு வருகிறது. பலகையில் பத்து பன்னிரண்டு என்றிருந்தால், பத்து பன்னிரண்டுக்கே துறையில் வந்து ஒட்டும். ஓட்டல் சமையலறை யன்னலால் இதைப் பார்த்து முதற் கோடை முழுக்க வியந்தேன். மன்னாரில், எங்கள் பேசாலையில், வள்ளம் எப்போது வருமென்று காற்றைத்தான் கேட்க வேண்டும்.

நான் அந்த ஓட்டலில் கோப்பை கழுவினேன். தலைமைச் சமையல்காரருக்கு ஸ்ரீலங்கா என்றால் தேயிலை. நானோ தேயிலையைக் கடைப் பைக்கற்றில் மட்டுமே கண்டவள். ஒருநாள் நெஞ்சைத் தொட்டு, "ஸே" என்றேன். கடலுக்கு நான் படித்து வைத்திருந்த ஜெர்மன் சொல் அது. அதற்கு ஏரி என்றும் பொருளாம். அவர் அன்பாக யன்னலைக் காட்டி, இடைவேளையில் போய்ப் பார்க்கச் சொன்னார்.

வரவேற்பறையில் வேலைசெய்த ஜெனிக்கும் இதே கரைச்சல் இருந்தது. இங்கிலாந்துக்காரி என்றால் கோபிப்பாள். "நான் கோர்ன்வால்காரி" என்பாள். தென்மேற்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊர் அவளுடையது. முந்திய காலத்தில் தூரத்தில் கப்பல் தெரிந்ததும், அதைத் துறைக்கு வழிகாட்டிக் கொண்டுவரும் ஆளை ஏற்றிக்கொண்டு, ஆறு பேர் துடுப்புப் போடும் வள்ளங்கள் முந்திப் பாயுமாம். முதலில் போய்ச் சேர்ந்த வள்ளத்துக்கே வேலை. இப்போது அதே வள்ளங்களில் பெண்களும் போட்டிக்கு இறங்குகிறார்களாம். அவள் கோபம் எனக்குப் புரிந்தது. பேசாலை ஆளைப் பொதுவாக மன்னார் ஆள் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அந்த ஆண்டு ஓட்டல் ஊழியர்களின் வள்ளப்போட்டிக்கு ஜெனி பெண்களைத் திரட்டினாள். இத்தாலிக்காரிகள் இருவர், போர்த்துக்கல்காரிகள் இருவர், ஒரு பொஸ்னியாக்காரி, நான். வீட்டில் என் கணவர் யோசப் முகத்தைச் சுளித்தார்.

"எங்கடை ஊரிலை எந்தப் பொம்பிளை துடுப்புப் பிடிச்சவ?"

"இது கடலில்லையே, பெரிய குளம். நான் போறன்."

முதல் பயிற்சியில் ஜெனி சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கத்தினாள். ஒருத்திக்கும் விளங்கவில்லை. துடுப்புகள் ஒன்றோடொன்று அடிபட்டன. பொறுக்க முடியாமல், கரைவலை இழுப்பவர்களின் குரல் என் வாயில் வந்துவிட்டது. "ஏலோ... ஏலோ..." அதற்கு மொழி தேவைப்படவில்லை. ஆறு துடுப்பும் ஒன்றாய் விழுந்தன.

"நிறுத்தாதே!" என்றாள் ஜெனி.

போட்டியன்று பாதி வழியில் மூன்றாவதாக இருந்தோம். திடீரென மலைப்பக்கமிருந்து காற்று இறங்கியது. அலை எழும்ப, முன்னால் போன இரண்டு வள்ளங்களும் தடுமாறின. ஜெனி வள்ளத்தின் முன்முனையான அணியத்தை நேரே அலைக்குத் திருப்பினாள். ஊர் வள்ளங்களில் ஏறிப்போய் அந்த ஆட்டம் எனக்குப் பழகியது. என் குரல் இன்னும் ஏறியது. ஒன்றைக் கடந்தோம். மற்றதையும் கடந்தோம். கரையில் தலைமைச் சமையல்காரர் தொப்பியைக் கழற்றி வீசினார். அவர் பக்கத்தில் யோசப், "இழு, இழு, விடாதை!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஒரு வள்ள நீளத்தால் வென்றோம்.

வென்றவர்களின் பெயரையும் நாட்டையும் பலகையில் எழுத ஒருவர் வந்தார். ஜெனி அவரிடமிருந்து சோக்கை வாங்கி, நாட்டுக்குப் பதிலாகத் தன் ஊர்ப் பெயரை எழுதினாள். பிறகு என்னிடம் நீட்டினாள். தமிழில் எழுதினேன்: பேசாலை. எப்படி வாசிப்பதென்று அவர் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன்.

"பெஸாலே!" என்று ஒலிபெருக்கியில் அழைத்தார். கரை முழுக்கக் கைதட்டியது. சண்டைக்குப் பயந்து என் சனம் மடு மாதா கோயிலிலும் கடல் கடந்து ராமேஸ்வரத்திலும் சிதறிக் கிடந்த காலம் அது. ஊரிலே அந்தப் பெயருக்குப் பதில் சொல்ல எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்களோ.

ஈரக் கையை உயர்த்தி, ஊரில் பெயர் கூப்பிட்டால் சொல்வதுபோல், ஏரி முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னேன்:

"ஓம்!"