நான் வாயடைத்த வில்

முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். ஒலி காற்றில் எப்படிப் போகும், தண்ணீரில் எவ்வளவு வேகமாகப் போகும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஓய்வு பெற்றபின் கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில், ஏரியைப் பார்த்த ஒரு வீட்டில் இருக்கிறேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் வலது கையைக் கெடுத்தேன். பிறகு அந்தப் பழியை இன்னொருவன் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஏழு மாதம் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்குப் பின்னால் இருபது குடிசைகள். ஏரியில் கையால் இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள். பெண்கள் முழங்கால் தண்ணீரில் குனிந்து, சேற்றுக்குள் விரல் விட்டுத் துழாவுவார்கள். விரல் நுனியில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி ஒன்று உண்டு. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அப்போது பேசவும் முடியாது, கத்தவும் முடியாது.

அங்கே ஒருவனிடம் வில் இருந்தது. முப்பது வயது இருக்கும். மூங்கில் வில், வலை பின்னும் நைலான் நூலை முறுக்கிய நாண். கரையோரக் கோரைக்குள் நின்று மடவை மீனை எய்வான். நாண் 'டங்'கென்று அடித்ததும் மடவைக் கூட்டம் துள்ளி ஓடிவிடும். ஒரு நாள் என் வீட்டுக் குழாயில் கால் கழுவ வந்தவன், அம்பு போய்ச் சேருவதற்குள் மீன் ஆந்திராவுக்கே போய்விடுகிறது என்று சொல்லிச் சிரித்தான். வழி கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், இதைச் சரி செய்யலாம் என்று. யாராவது எதையாவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்த வாத்தியார் நான்.

வில்லின் சத்தம் மிச்சப்பட்ட ஆற்றலிலிருந்து வருகிறது. அம்போடு போகாத ஆற்றல் நாணை அதிர வைக்கிறது. எனவே முதலில் அம்பின் கனத்தைக் கூட்டினேன். வலையில் கட்டும் ஈயக்குண்டைத் தட்டி, முனைக்குப் பின்னால் சுற்றினேன். நாணை இன்னும் சில சுற்று முறுக்கிக் குறுக்கினேன். வில்லின் பிடிக்கும் நாணுக்கும் நடுவே ஒரு கைமுட்டி அளவு இருந்த இடைவெளி, கட்டைவிரலையும் நீட்டிய அளவுக்கு வந்தது. நாண் வந்து அறையும் இரு நுனிகளிலும் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றினேன். கடைசியாக பனிக்குக் காதை மூடும் என் பழைய அரக்கு நிறக் கம்பளிக் குல்லாவைப் பாதியாக வெட்டி, கம்பளி நூலைப் பிரித்து, நாணின் இரண்டு பக்கமும் பூச்செண்டு மாதிரிக் கட்டினேன்.

"வில்லுக்குக் குல்லா போட்டுட்டியே சார். இனிமே அதுக்குச் சளி புடிக்காது" என்றான்.

சோதனை எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் அவனுக்கு முதுகைக் காட்டிப் பத்தடி தள்ளி நின்றேன். நாண் சத்தம் கேட்டால் கையைத் தூக்குவது என்று ஏற்பாடு. முதல் நாள் ஒவ்வோர் அம்புக்கும் தூக்கினேன். நான்காம் நாள் என் கை தொங்கியபடியே இருந்தது. வெற்றி என்று துள்ளினேன். ஏரிக்குள் அதே போல முதுகைக் காட்டிக்கொண்டு பத்துப் பெண்கள் குனிந்து நின்றார்கள். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிவார்கள்.

நாண் சத்தம் கேட்டதும் அந்தப் பெண்களில் யாராவது உள்ளங்கையால் தண்ணீரை இரண்டு முறை அறைவார்கள். அதை நான் பல நூறு முறை பார்த்திருக்கிறேன். இறாலைக் கலைப்பதற்காக என்றே அப்போது நினைத்தேன். வாயில் பறி இருக்கிறவள், 'நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கம் எய்யாதே' என்று சொல்லும் வழி அது. அவன் கேட்டு நகர்ந்துகொள்வான். இதை யாரும் யாருக்கும் விதியாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால்தான் அவனுக்கும் நினைவுக்கு வரவில்லை. என்னிடம் அந்தச் சாக்கும் இல்லை. ஒலி யார் யார் காதுக்குப் போகிறது என்று கேட்பதுதான் என் தொழில். நான் மீனின் காதை மட்டும் நினைத்தேன்.

இரண்டு வாரம் நல்ல மீன். ஊமை வில் என்று பேரும் வைத்தார்கள். எனக்கும் மடவை வந்தது, தின்றேன்.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் அவன் கோரைக்குள்ளேயே நகர்ந்து, பெண்கள் இருந்த பக்கம் வந்துவிட்டான். முதல் இரண்டு அம்பு யாருக்கும் கேட்கவில்லை. யாரும் தண்ணீரை அறையவில்லை. யாரும் இல்லை என்று நினைத்து மூன்றாவதை விட்டான். ஈயம் சுற்றிய கனத்த அம்பு நீரில் சறுக்கி எழும்பி, கோரைக்கு அப்பால் குனிந்திருந்த பெண்ணின் வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே பாய்ந்தது. அவள் அவனுடைய சொந்த அக்கா.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். கம்பியின் மேல் விழுந்துவிட்டாள் என்று நான் சொன்னேன், என் அழகான கையெழுத்தில் எழுதியும் கொடுத்தேன். தம்பியைப் போலீசிலிருந்து காப்பாற்றிய மகராசன் என்று குடியிருப்பே என்னைக் கும்பிட்டது. நரம்பு அறுந்திருந்தது. காயம் ஆறியது, கட்டைவிரலும் பக்கத்து விரலும் சேரவில்லை.

பெரியவர்கள் கூடிக் கேட்டபோது எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நாணில் இந்தக் கம்பளியை யார் கட்டியது என்று கேட்டார் மூத்தவர். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

"நான்தான் கட்னேன்" என்றான்.

நான் நாற்காலியில் இருந்தேன். எழுந்திருக்கவில்லை. வில்லைப் பிடுங்கி மூத்தவர் வீட்டில் மாட்டினார்கள். அவன் இனி ஏரியில் இறங்கக் கூடாது என்றார்கள். எளாவூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டான்.

ஏழு மாதம் கழித்து அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆஸ்பத்திரிலயே தம்பி சொல்ட்டான் சார், நீதான் அதக் கட்டுனதுன்னு. நம்மளக் காப்பாத்துன ஆளு, வாயத் தொறக்காதன்னான். நானும் தொறக்கல. இப்ப ஒத்தக் கையில தடவுறேன், பறி கால்வாசிகூட ரொம்பல. என் கை போச்சு. அவன் கையாச்சும் இங்க இருக்கணும்ல? நீயே வந்து சொல்லு."

ஏழு மாதமாக அவளுக்குத் தெரியும். அத்தனை நாளும் என்னைப் பார்த்து வணக்கம் வைத்திருக்கிறாள்.

அன்று மாலையே மூத்தவர் வீட்டுக்குப் போனேன். மறுபடியும் நாற்காலி. நின்றுகொண்டே சொன்னேன். மூத்தவர் முழுவதும் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார்.

"சாருக்கு இன்னா மனசு பாருய்யா. அந்தப் பையனுக்கோசரம் பழியத் தன் தலைல போட்டுக்கிறாரு."

எனக்கு ஆத்திரம் வந்தது. நான் சொன்ன பொய்க்குக் கும்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால் அதையும் என் பெருமையில் சேர்க்கிறார்கள். நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பெட்டிக்கு அடியில் கிடந்த மிச்சப் பாதிக் குல்லாவை எடுத்து வந்தேன். சுவரில் மாட்டியிருந்த வில்லை இறக்கி, நாணில் இருந்த கம்பளிக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். ஒரே அரக்கு நிறம், ஒரே நூல்.

மூத்தவர் இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக் கம்பளியை அறுத்துப் போட்டார். ரப்பரையும் உரித்தார். நாணை இழுத்துச் சும்மா விட்டார். அந்தச் சத்தம் கரையைத் தாண்டிப் போயிற்று. வேலை முடிக்காத பெண்கள் இரண்டு பேர் இன்னும் ஏரியில் இருந்தார்கள். தண்ணீரை அறையும் சத்தம் இரண்டு முறை வந்தது.

"கேட்டுச்சா சார்?" என்றார்.

கேட்டது என்றேன்.

அவன் சூளையிலிருந்து திரும்பி வந்துவிட்டான். என் குழாய்க்கு வருவதில்லை. யாரும் எனக்கு நாற்காலி போடுவதும் இல்லை. காலையில் வில் சத்தம் என் அறைவரை வருகிறது, பின்னாலேயே பதிலும் வருகிறது. அக்கா இடது கையால் சேற்றைத் துழாவுகிறாள். தண்ணீரை அறைவது வலது கையால். அதற்கு அந்தக் கை போதும்.