அந்த அழுகையை நிறுத்தும் என்று கேட்டேன்

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன், பொறுமையாய் வாசியுங்கள்.

திருமணமாகிப் பத்து வருடம் கழித்துக் கர்த்தர் எங்களுக்கு ஒரு பெண் பிள்ளையைத் தந்தார். எட்டாவது மாதத்திலேயே எடுத்தும் கொண்டார். உயிரில்லாமல் பிறந்தாள். மலேசியாவில் எங்கள் ஊரான சிகாமட்டில் அப்போது விடாத மழை. என் வீட்டுக்காரர் சின்னப் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு கல்லறைக்குப் போனார். திரும்பி வந்து குளித்தார், கோப்பி கலக்கினார், எனக்கும் ஒன்று கொடுத்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல் மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டியது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் சாட்சியே இதுதான். பிள்ளை இல்லை என்று என் மனதுக்குத் தெரியும், உடம்புக்கு யார் போய்ச் சொல்வது? அம்மா கடைத்தெருவில் மல்லிகைச் சரம் வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டினார். அப்படிக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பார்கள். வளைகாப்புக்கு அதே கடைப் பூவைத்தான் என் தலையில் வைத்துவிட்டிருந்தார்கள். பூதான் வாடியது. பால் வற்றவில்லை.

சபையார் வந்தார்கள், பாடினார்கள், ஜெபித்தார்கள். கர்த்தரோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம்.

பக்கத்து வீட்டில் ஃபரிடா என்று ஒரு மலாய்ப் பெண். இருவருக்கும் பிரசவத் தேதி கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் சொல்லியிருந்தார்கள். வேலியோரம் நின்று வயிற்றைத் தடவிக்கொண்டே கதை பேசுவோம். அவளுக்கும் முன்கூட்டியே வலி வந்து ஆண் பிள்ளை பிறந்தது. பிறந்ததும் இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஜோகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அவள் கணவரும் கூடவே போய்விட்டார். பிள்ளையை அவருடைய அக்கா சல்மா வந்து ஃபரிடாவின் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். பிள்ளை புட்டியில் வாய் வைக்கவில்லை. கொஞ்சம் குடித்தாலும் கக்கியது. பால் டின்னை மாற்றினார்கள், புட்டியை மாற்றினார்கள். எடை குறைந்துகொண்டே வந்தது. நாளையும் குடிக்காவிட்டால் வார்டில் சேர்க்கத்தான் வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது அழுகை மட்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பிள்ளை அழ அழ எனக்குப் பால் சுரந்து சட்டை நனையும். ஒரு மத்தியானம் தாங்க முடியாமல் சுவரைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

“ஆண்டவரே, அந்த அழுகைய நிறுத்துங்க! இல்ல, என்னைய எடுத்துக்குங்க!”

அது அன்பான ஜெபம் இல்லை. எரிச்சலில் வந்தது. ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு நான் செய்த முதல் ஜெபம் அதுதான். கத்தி முடித்துக் குனிந்தேன். சட்டை நனைந்திருந்தது. எனக்குத் தரிசனமும் கிடைக்கவில்லை, குரலும் கேட்கவில்லை. அந்த அழுகையை நிறுத்தக்கூடியது என்னிடம்தான் இருக்கிறது என்று புரிந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பதறிவிட்டார்.

“அலமாக், நீ சும்மா இரு லா. அவங்க மதம் வேற. பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா நம்ம தலையிலதான் வந்து விடியும்.”

நியாயமான பயம்தான். நம் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே தயங்குகிறவர்கள், பிள்ளையைத் தருவார்களா?

“அது அழுவுறது உங்களுக்குக் கேக்குதா, இல்லையா?” என்றேன்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு என் கூடவே வந்தார்.

சல்மா அக்கா கதவைத் திறந்தார். அழுது அழுது அவர் கண்ணும் வீங்கியிருந்தது. மலாயில் யோசித்து வைத்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. பிள்ளையையும் என் மார்பையும் மாறி மாறிக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே தம்பிக்குப் போன் போட்டார். தம்பி அவர்களுடைய மார்க்க ஆசிரியரான உஸ்தாஸைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிடும்வரை நாங்கள் வாசலிலேயே நின்றோம்.

கொடுக்கலாம் என்று பதில் வந்தது. ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று சல்மா அக்கா என்னை உட்காரவைத்தார். அவர்கள் முறைப்படி, வயிறு நிறையச் சில தடவை பால் கொடுத்துவிட்டால் நான் அந்தப் பிள்ளைக்குப் பால் தாய். பேச்சுக்குச் சொல்வது இல்லை. எனக்கு இனி பிறக்கும் பிள்ளை அவனுக்கு உடன்பிறப்பு, இருவரும் கல்யாணம் செய்ய முடியாது. சாகும்வரை அந்த உறவு மாறாது. இதற்கு உனக்குச் சம்மதமா என்று கேட்டார்.

பத்து வருடம் உபவாசமிருந்து கேட்டதை நீட்டி, சம்மதமா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? இரண்டு கையையும் நீட்டினேன்.

அறைக்குள் போய் அணைத்துக்கொண்டேன். முட்டி முட்டித் தேடினான். பிறகு கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் வீடே அமைதியாகிவிட்டது. அவன் அழுகை நின்றது, நான் அழ ஆரம்பித்தேன். சல்மா அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தபோது வீட்டுக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சல்மா அக்கா அவரிடமும் விளக்கினார். பால் கொடுப்பவளின் கணவரும் அந்த உறவில் சேர்த்திதானாம். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“அப்போ... நானும் அப்பாவா?”

“ஆமாங்க.”

பெட்டியைச் சுமந்தபோது அழாத மனிதர், அந்த வீட்டு நாற்காலியில் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். இவ்வளவையும் எங்கே வைத்திருந்தார் என்று எனக்கு நெஞ்சு வலித்தது. அன்று வீட்டுக்கு வந்து இருவரும் சேர்ந்து முழங்கால் போட்டோம்.

பிள்ளை தேறினான். ஃபரிடாவும் பிழைத்து வந்தாள். அவளுக்குப் பால் இல்லை. “நீயே கொடு” என்று அவளே என் மடியில் போட்டாள். பல் முளைத்துக் கடிக்கும்வரை கொடுத்தேன். அயலாரை நேசிக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் கேட்டுத் தலையாட்டியவள்தான் நான். அந்த அயலார் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பசியோடு இருந்ததைக் கர்த்தர்தான் கேட்க வைத்தார்.

அந்தப் பிள்ளை அமீருக்கு இப்போது ஆறு வயது. ஹரி ராயா என்கிற நோன்புப் பெருநாள் காலையில் பெற்றோர் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். தன் வீட்டில் அதை முடித்ததும் ஓடி வந்து எங்கள் கேட்டைத் தட்டுவான். போன ராயாவுக்கு என் கையை முத்தமிட்டவனிடம், “என்னடா தப்பு பண்ணின?” என்றேன். “பூச்சட்டிய ஒடச்சது நான்தான்மா” என்றான். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பதிலே வரவில்லை என்று சோர்ந்திருக்கிற சகோதர சகோதரிகளே, கேட்பதை விட்டுவிடாதீர்கள். கோபத்திலாவது கேளுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். கேட்டுவிட்டு, பக்கத்தில் யார் அழுகிறார்கள் என்று எழுந்து போய்ப் பாருங்கள். கையில் என்ன இருக்கிறதோ அதைக் கொண்டு போங்கள்.

எங்களுக்கு அதன் பிறகு பிள்ளை பிறக்கவில்லை. ஆனாலும் பெற்றவளை ‘இபு’ என்று மலாயில் அழைக்கிற அந்தப் பிள்ளை, என்னை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுகிறான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.