கைரியாவின் சந்துக் கடை

கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் இருந்த லாபிரின் புடவைக் கடைக்குப் பூட்டுப் போட்ட அன்று அவருடைய மனைவி கைரியா அழவில்லை. லாபிர்தான் அழுதார். அது அவருடைய வாப்பா விட்டுப்போன கடை. முப்பத்தொரு வருஷமாக அதே இடத்தில், அதே பலகைமேல் வைத்துத் துணி கிழித்துக் கொடுத்த கடை. 1928ஆம் ஆண்டு மே மாதம் அது போனது.

அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு எதிர்ப்பக்கத்தில் வெள்ளைக்காரக் கொம்பனி ஒன்றின் பெரிய துணிக்கடை வந்திருந்தது. அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்லவில்லை, கண்ணாடிக் கடை என்றே சொன்னார்கள். ஆள் உயரக் கண்ணாடி போட்டு, உள்ளே மெழுகுப் பொம்மைக்குக் கவுண் உடுத்தி நிறுத்தியிருந்தார்கள். எல்லாத் துணிக்கும் அட்டையில் விலை எழுதியிருந்தது. கொம்பனி கப்பலிலிருந்தே நேராகச் சரக்கு இறக்கியதால், லாபிர் கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரிகளிடம் வாங்கும் விலைக்கும் குறைத்து அவர்களால் விற்க முடிந்தது. அந்த வீதியில் அப்போது குடும்பங்கள் நடத்திய புடவைக் கடைகள் பதினொன்று இருந்தன. முதல் வருஷத்தில் மூன்று மூடின. அடுத்த வருஷம் இரண்டு. பிறகு லாபிர் வாடகைக்கு இருந்த கட்டடத்து முன்பக்கத்தை அதன் சொந்தக்காரர் கொம்பனிக்கே விற்றுவிட்டார். மோட்டார் வண்டிகள் நிறுத்த இடம் வேண்டுமாம்.

பின்பக்கத்து அறை மட்டும் தப்பியது. அதன் உறுதிப் பத்திரம் லாபிருடைய உம்மாவின் பெயரில் தனியாக இருந்தது. பழைய பெட்டிகளும் கால் உடைந்த கதிரைகளும் போட்டு வைத்திருந்த அறை. அதன் கதவு பெரிய வீதிக்குத் திறக்காது. ஒரு மாட்டு வண்டிகூட நுழைய முடியாத சந்துக்குத்தான் திறக்கும்.

"இந்த அறையில வியாபாரம் செய்வோம்," என்றாள் கைரியா.

"இந்தச் சந்துக்குள்ள யாரு வருவாங்க?"

"பொம்புளைகள் வருவாங்க. நான் விக்கிறேன். நீங்க கொழும்புக்குப் போய்ச் சரக்கு எடுத்துத் தாங்க."

லாபிர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கைரியா அலவத்துகொடைக் கிராமத்தில் பிறந்தவள். அவளுடைய வாப்பா துணிப் பொட்டணி சுமந்து கிராமம் கிராமமாக விற்றவர். அவர் வீடு திரும்பும்போதெல்லாம் பொட்டணியை அவிழ்த்துத் துணிகளை வகை பிரித்து அடுக்கி வளர்ந்தவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே, எது நன்றாக உழைக்கும், எது இரண்டு துவையலில் நைந்துபோகும் என்று சொல்லிவிடுவாள். கல்யாணமாகி ஒன்பது வருஷமாக லாபிருக்கு அது தெரியும். ஆனால் கடைக்கும் அவளுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருநாளும் அவர் நினைத்ததில்லை.

லாபிரின் மூத்த சகோதரர் ஹாஷிம் இதைக் கேள்விப்பட்டு மறுநாளே வந்தார். கதவுக்கு வெளியே நின்றபடியே சத்தம் போட்டார்.

"எங்கட குடும்பத்துப் பொம்புளை கடையில நிக்கிறதா? பள்ளிவாசல்ல நான் எந்த முகத்தோட போய் நிக்கிற?"

வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து கைரியா பதில் சொன்னாள். "மச்சான், இந்த வாசலுக்கு இந்தப் பக்கம் ஆம்புளை ஒருத்தரும் வர ஏலாது. நீங்களும் வர ஏலாது. பொம்புளைக்குப் பொம்புளை துணி வித்தா அதுல என்ன பிழை ஈக்கு?"

ஹாஷிம் "நான் இதுக்குச் சம்மதிக்கல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் இரண்டு வாரம் நான்கே பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை பகலில், தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு மூன்று பெண்கள் சந்துக்குள் வந்தார்கள். உள்ளே வந்து போர்வையை விலக்கியபோது நடுவில் நின்றவள் பாயிஸா, ஹாஷிமின் மனைவி.

"அவருக்குச் சொல்லாதீங்க," என்றாள் அவள். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். பூப்போட்ட சீத்தையும் மெல்லிய வாயில் துணியும் இடுப்பில் உடுத்தும் கம்பாயமும் கைக்கெட்டும் உயரத்தில் அடுக்கியிருந்தன. "எனக்கு இப்ப முப்பத்தாறு வயசு, கைரியா. எண்ட சட்டைக்குத் துணியை நானே தெரிஞ்சு எடுத்தது ஒருநாளும் இல்ல. அவர் கொண்டு வாறதுதான். எல்லாம் சாம்பல் நிறம்."

அன்று பாயிஸா மஞ்சளில் சிவப்புப் பூப் போட்ட சீத்தை வாங்கினாள். விலை பேசினாள். கைரியா குறைக்கவில்லை. பாயிஸா விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். மாதம் முடிவதற்குள் கட்டுகலையிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். சாம்பல் நிறச் சட்டையை விட்டு மனைவி மஞ்சளுக்கு மாறியதை ஹாஷிம் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அதன் பிறகு அவர் கடையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வந்தது வேறு காரணத்துக்காக. கண்ணாடிக் கடையில் ஒரு யாருக்கு, அதாவது மூன்றடிக்கு, குறைத்துத் துணி வெட்ட மாட்டார்கள். கைக்குழந்தைக்குச் சட்டை தைக்க அரை யார் போதுமே! கைரியா அரை யாரும் வெட்டினாள், கால் யாரும் வெட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் சந்து முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். அப்படி வந்தவர்களில் ஒருத்தி வீரம்மா, கொழுந்து பறிப்பவள்.

அந்த வீரம்மா 1930ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் கையோடு வராமல், ஒரு பச்சைத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். அதை அப்படியே கைரியாவின் முன்னால் போட்டாள்.

"இதப் பாருங்கம்மா. எம் மக சடங்குக்குன்னு கண்ணாடிக் கடையில வாங்குனேன். பட்டு மாதிரி மினுக்குதேன்னு ஆசப்பட்டு வாங்கிட்டேன். கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறப்ப மழ புடிச்சிருச்சு. புள்ள கழுத்து, கையி, காலு எல்லாம் பச்சையா வழியுது. அத்தன சனமும் சிரிக்குது. அது லயத்து வீட்டுக்கு ஓடிப்போயி கதவச் சாத்திக்கிட்டு ஒரே அழுக."

"திருப்பிக் கொடுக்கலையா?"

"போனேம்மா. நனைஞ்ச துணிய வாங்க மாட்டாங்களாம். வாசல்ல நிக்கிற பியோன் தள்ளாத கொறதான்."

கைரியா அந்தத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரல் பச்சையானது. பிறகு எழுந்து கத்தரிக்கோலை எடுத்தாள். தன் கடையிலிருந்த ஒவ்வொரு சுருளிலும் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டினாள். பேசினில் தண்ணீர் ஊற்றி, சவர்க்காரம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைத் துவைத்தாள். சந்தின் குறுக்கே ஒரு கயிறு கட்டி, துவைத்த துண்டுகளை அதில் தொங்கவிட்டாள். துவைக்காத துண்டையும் பக்கத்திலேயே குத்தினாள். வாங்க வருகிறவர்கள் கேள்வி கேட்க வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். சாயம் போன இரண்டு சுருளை அவள் விற்காமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

கயிற்றின் ஓரத்தில் வீரம்மாவின் பச்சைத் துண்டும் தொங்கியது. அது எந்தக் கடைத் துணி என்று கைரியா எழுதி வைக்கவில்லை. வீரம்மாதான் எல்லோருக்கும் சொன்னாள்.

ஒரு மாதத்தில் கொம்பனி வக்கீலான பிரக்கிராசியின் கடிதம் வந்தது. அந்தத் துண்டை எடுக்காவிட்டால் கொம்பனி வழக்குப் போடும். கடிதத்தை வாசித்துவிட்டு லாபிர் உட்கார்ந்துவிட்டார்.

"எடுத்துடுவோம், கைரியா. கொம்பனியோட எங்களுக்கு மோத ஏலுமா?"

"பொய்யெண்டா எடுக்கிறேன். பொய்யா எண்டு அவங்களே வந்து பார்க்கட்டும். அவங்கட சுருளையே கொண்டு வரட்டும். எண்ட கடையிலயும் அவங்க விரும்புன சுருளை எடுக்கட்டும். ரெண்டையும் எல்லாருக்கும் முன்னால துவைப்போம். எண்டது சாயம் போனா நான் கடையைப் பூட்டுறேன். அப்படியே எழுதி அனுப்புங்க."

லாபிர் எழுதினார். அன்றே தபாலில் போட்டார்.

அடுத்த ஞாயிறு காலை கண்ணாடிக் கடை மனேஜர் துரை ஒரு கிளார்க்கைக் கூட்டிக்கொண்டு, அதே பச்சைத் துணிச் சுருளோடு வந்தார். சந்து நிறையப் பெண்கள். முஸ்லிம் பெண்கள் ஒரு பக்கச் சுவரோடு, தோட்டத்துப் பெண்கள் மறுபக்கம். துரை உள்ளே போகப் பார்த்தார்.

"ஆம்புளைகளுக்கு உள்ள வர ஏலாது," என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கிளார்க் அதை மொழிபெயர்த்தான். துரை வெயிலில் நின்றார்.

கைரியாவின் கடைச் சுருளைத் தெரிவு செய்ய வேண்டியது கிளார்க். அதற்காக வாசலில் அடுக்கியிருந்தவற்றை அவன் நிதானமாகப் பார்த்தான். கெட்டிக்காரன். கயிற்றில் துண்டு தொங்காத ஒரே சுருளைக் கைகாட்டினான். முந்திய நாள்தான் லாபிர் கொழும்பிலிருந்து கொண்டு வந்த சிவப்புச் சீத்தை. அதைக் கைரியா இன்னும் துவைத்துப் பார்க்கவில்லை. சந்தின் முனையில் நின்ற லாபிர் இரண்டடி முன்னே வந்தார்.

இரண்டு பேசின். ஒன்றில் பச்சை, ஒன்றில் சிவப்பு. துவைத்தவள் வீரம்மா. இரண்டிலும் ஒரே சவர்க்காரம், ஒரே நேரம். பச்சை போட்ட தண்ணீர் உடனே பாசி பிடித்த குளம் மாதிரி ஆனது. பெண்கள் சிரித்தார்கள். ஆனால் சிவப்பு போட்ட தண்ணீரும் மெல்ல ரோஜா நிறத்துக்கு மாறியது. சிரிப்பு நின்றது. கிளார்க் துரையின் காதில் ஏதோ சொன்னான்.

"அது மேல ஒட்டியிருக்கிற சாயம்," என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். "ரெண்டு தண்ணியையும் ஊத்திட்டுப் புதுத் தண்ணி எடுங்க. வெள்ளைத் துணியும் போடுங்க."

பச்சைக்குத் துரையே தன் வெள்ளைக் கைக்குட்டையைக் கொடுத்தார். பாயிஸா இன்னொரு வெள்ளைத் துண்டைக் கொடுத்தாள். வீரம்மா இரண்டாவது தண்ணீரில் கசக்கினாள். சிவப்பின் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அதில் போட்ட வெள்ளைத் துண்டு வெள்ளையாகவே வெளியே வந்தது. பச்சையின் தண்ணீர் மூன்றாவது தடவையும் பச்சை, நான்காவது தடவையும் பச்சை. வீரம்மா துரையின் கைக்குட்டையைப் பிழிந்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள். அது வெற்றிலை நிறத்தில் இருந்தது.

துரை அதை வாங்கி, ஒரு நிமிஷம் பார்த்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிளார்க்கோடு திரும்பி நடந்தார். பெண்கள் போட்ட கூச்சல் பெரிய வீதிவரை கேட்டது. வழக்கு வரவில்லை. அந்த வாரமே கண்ணாடிக் கடையில் அந்தப் பச்சைத் துணி காணாமல் போனது.

எல்லோரும் போன பிறகு லாபிர் உள்ளே வந்தார். கைரியா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் சிவப்பு தாங்கும் எண்டு உனக்குத் தெரியுமா?"

"தொட்டுப் பார்த்தேன். தாங்கும் எண்டு நினைச்சேன்." அவள் சிரிக்க முயன்றாள். "ஆனா துவைச்சுப் பார்க்கல்லயே."

லாபிர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தச் சிவப்புச் சீத்தை மூன்று நாளில் தீர்ந்துபோனது.

பிறகு நாட்டுக்கே கெட்ட காலம் வந்தது. தேயிலையும் ரப்பரும் விலை விழுந்து, துரைமார் பலர் தங்கள் நாட்டுக்குப் போய்விட்டார்கள். கவுண் வாங்க ஆளில்லாமல் 1932ஆம் ஆண்டு கொம்பனி தன் கண்டிக் கிளையை மூடியது. மெழுகுப் பொம்மைகளை ஒரு லொறியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். வீதியிலிருந்த பதினொரு கடைகளில் எட்டு அதற்குள் அழிந்துவிட்டன. அந்தக் குடும்பங்கள் சில மாத்தளைக்கும் சில கொழும்புக்கும் போய்விட்டன. ஒருவர் பேராதனைச் சந்தியில் பீடி விற்றார். கண்ணாடிக் கடை போன பிறகும் அவர்களில் யாரும் திரும்பி வரவில்லை. அரை யார் துணி வாங்குகிற பெண்கள் மட்டும் அந்தக் கெட்ட காலத்திலும் சந்துக்கு வந்துகொண்டேயிருந்தார்கள். பெரியதாக வாங்க முடியாதபோதும் பிள்ளைகள் வளர்ந்துகொண்டுதானே இருந்தார்கள்.

1934ஆம் ஆண்டு லாபிரும் கைரியாவும் தங்கள் பழைய முன்பக்கத்தைக் கொம்பனியிடமிருந்து வாங்கி மீட்டார்கள். பெரிய வீதிப் பக்கம் ஆண்களுக்கு, லாபிரின் பொறுப்பு. சந்துப் பக்கம் பெண்களுக்கு, கைரியாவின் பொறுப்பு. நடுவில் ஒரு மரத்தட்டி.

பெயர்ப்பலகை எழுதுகிறவன் ஏணியோடு வந்து, என்ன எழுதட்டும் என்று கேட்டான். வழக்கம்போல் லாபிருடைய வாப்பாவின் பெயர்தான் வரும் என்று வீதியில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"கைரியா புடவைக் கடை," என்றார் லாபிர்.

எழுதுகிறவன் தயங்கினான். "பொம்புளைப் பேருங்களா முதலாளி?"

"ஓ. பெரிய எழுத்தா எழுது. குளத்தடியில நிண்டாலும் தெரியோணும்."

முதல் எழுத்து ஏறியபோது வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களில் ஹாஷிமும் இருந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று லாபிர் திரும்பிப் பார்த்தார். ஹாஷிம் ஏணி அசையாமல் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, "ககரம் கொஞ்சம் சரிஞ்சீக்கு, நேராப் போடு" என்றார்.

கைரியா வெளியே வந்து பார்க்கவில்லை. பெருநாளுக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. சந்துப் பக்கத்தில் இருபது பேருக்குமேல் காத்துக்கொண்டிருந்தார்கள்.